மூன்றாவது தீப்பெட்டி

1

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சிரம்பான் வீட்டுத் தபால் பெட்டியில் தண்ணீர் பில்லோடு ஒரு ஏரோகிராம் கிடந்தது. என் சித்தப்பா மகன் ராமசாமி ஊரிலிருந்து எழுதியிருந்தான். பத்து வயதில் நான் கப்பலேறியபோது அவன் தொட்டிலில் கிடந்தவன். கல்யாணம், கருமாதி இரண்டுக்கும்தான் எழுதுவான். இந்தத் தடவை வேறு காரணம். இதே பத்திரிகையில் நான் போர்டிக்சன் கடற்கரையைப் பற்றி எழுதியதை யாரோ அவனிடம் காட்டியிருக்கிறார்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி. மிச்சமெல்லாம் கவலை.

"என் மகன் முருகேசனுக்கு முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, பூச்சி கடித்துப் புண்ணாகியிருக்கிறது. பருத்திக்கு மருந்தடிக்கப் போன இடத்தில் எட்டுக்கால் பூச்சி கடித்திருக்கும் என்கிறார்கள். இங்கே பார்வை பார்க்க ஆளில்லை. பெரியப்பாவோடு அந்த மந்திரம் மலேசியாவுக்குப் போய்விட்டது. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதாக அப்பா சொல்வார். ஒரு தாளில் எழுதி உடனே அனுப்பவும். அதுவரை புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறோம்."

தேதியைப் பார்த்தேன். கடிதம் எழுதிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. கடைசி வரியில் ஊர்க் கடைத்தெரு டெலிபோன் பூத்தின் எண்ணை எழுதியிருந்தான்.

டெலிபோன் கார்டை எடுத்துக்கொண்டு பசாருக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேனே தவிர, அறுபதை நெருங்குகிறவன் ஓடினால் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூத்துக்காரர் ஆளனுப்பிக் கூட்டிவருவதாகச் சொன்னார். அரைமணி கழித்து மறுபடி கூப்பிட்டேன். ராமசாமி குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணே, மந்திரம் அனுப்பிட்டீங்களா?"

"மந்திரம் வேணாம்டா! கழுவுங்க. சோப்புப் போட்டு, தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுங்க. அந்த மருந்து பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னிக்கே போ."

"என்னண்ணே இது? தண்ணி படக்கூடாதுன்னு பெரியப்பா சொல்லுவாருன்னு..."

"அது பூச்சி இல்லடா. மருந்து. முதுகுல பம்பு ஒழுகியிருக்கும்."

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும், அங்கேருந்துக்கிட்டு?"

"உங்க அண்ணிய நான் அப்படித்தான் கொன்னேன்" என்றேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மலாய்ப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் ரிசீவரை வைக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் பாக்சிக், பெரியவரே என்று தன் குடையால் பக்கத்துப் படிக்கட்டைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்தபோதுதான், பதிமூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனிடம் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. முதலில் கேட்டிருக்க வேண்டியவள், என் மகள், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள்.

2

மந்திரம் என் அப்பாவுடையது. சிலந்தி கடித்துக் கொப்பளித்தால் வேப்பிலையால் நீவி, திருநீறு போட்டு, மூன்று நாள் பார்வை பார்ப்பார். அந்த மூன்று நாளும் புண்ணில் தண்ணீர் படக்கூடாது. மீன், கருவாடு கூடாது. ஆறாவிட்டால் இன்னும் மூன்று நாள். அதற்கும் ஆறாவிட்டால் இன்னும் மூன்று. பார்வை பார்ப்பவனுக்கும் ஒரு விதி உண்டு. ஆயுசு முழுக்க அவன் ஒரு எட்டுக்கால் பூச்சியையும் கொல்லக்கூடாது. கொன்றால் மந்திரம் பலிக்காது.

ரந்தாவுக்குப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால் மரம் சீவினார். அவருக்குப் பிறகு நான் சீவினேன். மந்திரமும் எனக்கு வந்தது. அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்தெல்லாம் மோட்டாரில் ஆள் வரும். பெரும்பாலும் ஆறிவிடும். சும்மா விட்டாலும் ஆறியிருக்கக்கூடிய புண்கள் அவை என்பது எனக்கு அப்போது தெரியாது. "பூச்சிக்கார மாணிக்கம்" என்றால் ரெம்பாவ் வரை தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மறைப்பானேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சரோஜாவைக் கட்டினேன். இங்கேயே பிறந்தவள், நீல அடையாள அட்டைக்காரி. எனக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு என்றால் இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை. வேலை செய்யப் பெர்மிட் வேண்டும், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடியுரிமைக்கு மூன்று தடவை மனுப்போட்டேன். ஒரு தடவை பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நான் பிறந்த வீட்டில் அன்றைக்குப் பஞ்சாங்கம்கூட இல்லை. இன்னொரு தடவை மலாயில் கேள்வி கேட்டார்கள். பசாரில் மீன் விலை பேசும் மலாய்தான் எனக்குத் தெரியும். அதிகாரி சிரித்துவிட்டு, அடுத்த வருஷம் வா என்றார். சரோஜா வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் ஒரு வெளிநாட்டு மாப்பிள்ளையையில்ல கட்டியிருக்கேன்" என்பாள்.

இரண்டு பேரும் அடுத்தடுத்த நிரைகளில் சீவினோம். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினால், முதலில் முகத்தில் படுவது நூல்தான். இங்கே ஒரு பெரிய பூச்சி உண்டு. காலை விரித்தால் உள்ளங்கையை மூடும். மரத்துக்கு மரம் மஞ்சள் நூலால் வலை கட்டும். அந்த நூல் இழுத்தால் லேசில் அறாது, கண்ணிமையில் ஒட்டினால் வழித்தெடுக்க வேண்டும். வலையின் நடுவே உட்கார்ந்திருப்பது பெண். ஆண் ஒரு அரிசி அளவுக்கு ஓரத்தில் பயந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காட்டி சரோஜா என்னைக் கேலி செய்யாத வாரமில்லை.

ஒவ்வொரு நாளும் நான்தான் முன்னால் போவேன். என் நிரைக்குப் போகுமுன் அவள் நிரையில் ஒரு நடை நடந்து, வலைகளையெல்லாம் கையால் விலக்கி, விலக்க முடியாததை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்புவேன். பூச்சியைக் கொல்லக்கூடாது என்பதால் குச்சி வீச மாட்டேன். "என்னங்க, மூஞ்சி பூரா மஞ்ச மீசை" என்று முந்தானையால் துடைத்துவிடுவாள். லயத்தில், எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், மற்ற ஆம்பளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

3

எங்கள் மகள் மலர்விழி எட்டுக்கால் பூச்சிகள் நடுவில்தான் வளர்ந்தாள். அப்பன் கொல்ல மாட்டான் என்று அவற்றுக்கும் தெரியுமோ என்னவோ, தோட்டத்துப் பூச்சிகள் எல்லாம் எங்கள் லயத்து வீட்டில்தான் குடியிருந்தன. கூரை மூலையில் நீளக் கால்காரன். சுவரில் வலை கட்டாமல் வேட்டையாடும் தட்டைப் பூச்சி, வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லையாக முட்டையைச் சுமந்துகொண்டு நகரும். அது கரப்பான் பிடிக்கும் என்பதால் சரோஜா அதை "நம்ம சம்பளமில்லாத வேலைக்காரி" என்பாள். வேலியோரச் செடியில் வலைக்கு நடுவே வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பூச்சி ஒன்று. மலர் கணக்குப் பாடத்தில் பெருக்கல் படித்தபோது, வாத்தியாரிடம் அதைப் பற்றிச் சொல்லிப் பாராட்டு வாங்கி வந்தாள்.

ஆனால் அவளுக்கு உயிர் சண்டைப் பூச்சி மேல்தான். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பைத்தியம் உண்டு. இரண்டு இலை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், நடுவில் அது இருக்கும். கறுப்பு உடம்பில் நீலம் மினுங்கும். மெல்லப் பிரித்து, தீப்பெட்டியில் ஒரு பச்சை இலையோடு போட்டு வைப்பார்கள். பையன்கள் சண்டைக்கு விடுவார்கள். இரண்டும் முன்கால்களை விரித்துக்கொண்டு, குடித்துவிட்டு வந்த சம்பந்திகளைப் போல ஒன்றையொன்று முறைக்கும். மலர் சண்டைக்கு விட மாட்டாள். மூன்று தீப்பெட்டி, மூன்று பூச்சி. ராஜா, மந்திரி, சோம்பேறி. காலையில் பள்ளிக்குப் போகுமுன் இலை மாற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அம்மா படுக்கும் பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போவாள். அம்மாதான் காவல்.

அப்போது ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். மரம் சீவியவர்களை வெவ்வேறு வேலைக்குப் பிரித்தார்கள். என்னைப் பழக்குலை வெட்டப் போட்டார்கள். சரோஜாவை மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். அந்த வேலை அநேகமாகப் பெண்களுக்குத்தான். முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் அடித்துக்கொண்டே, செம்பனையின் அடியில் முளைக்கும் புல்லைக் கருக்க வேண்டும். மூக்கில் ரத்தம் வரும். நகம் வெளுத்துப் பிளக்கும். அதெல்லாம் அந்த வேலையோடு வருவது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். கையுறை கேட்டால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர், "ஒன்னும் ஆகாதுலா, புல்லுக்குத்தான் மருந்து, ஒனக்கா?" என்று சிரிப்பான். அவனும் கெட்டவன் இல்லை. அவன் பெண்டாட்டியும் அதே கூட்டத்தில்தான் இருந்தாள்.

சரோஜாவுக்குக் கொடுத்த பம்பு பழசு. அடிப்பக்கம் கசியும். சாயங்காலம் வந்தால் ரவிக்கைக்குக் கீழே முதுகுத் துணி ஈரமாக இருக்கும். வேர்வை என்பாள். நானும் வேர்வை என்றேன்.

4

முதலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. மறுநாள் கொப்பளம். மூன்றாம் நாள் தோல் உரிந்து எரிந்தது. நான் பார்த்தவுடனே சொன்னேன், எட்டுக்கால் பூச்சி. எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை கடி பார்த்தவன் நான்!

வாரத்துக்கு இரண்டு நாள் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரஸர் வருவார். அவரிடம் காட்டவா என்றாள். "ஊரே என்கிட்ட வருது, என் பொண்டாட்டி டிரஸர்கிட்ட போறதா?" என்றேன். சிரித்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வேப்பிலையால் நீவினேன். திருநீறு அப்பினேன். தண்ணீர் படக்கூடாது என்றேன். தினமும் இரண்டு வேளை தலைக்கு ஊற்றிக் குளிக்கிறவள், என் சொல்லைக் கேட்டுக் குளிக்காமல் இருந்தாள். எரியுதுங்க, ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கட்டுமா என்று இரண்டாம் நாள் கேட்டாள். நான்தான் மாட்டேன் என்றேன். அந்த ஒரு சொம்புத் தண்ணீரை இன்னும் நான் தாண்டவில்லை.

வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். அதே பம்பு, அதே புண்ணின் மேல்.

மூன்று நாள் ஆறாகி, ஆறு ஒன்பதை நோக்கிப் போனது. புண் உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. தொண்டை வலிக்கிறது, சோறு இறங்கவில்லை என்று படுத்தாள். எட்டாம் நாள் மத்தியானம் நான் வேப்பிலையோடு உட்கார்ந்திருக்கிறேன். மலர் பள்ளிச் சட்டையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது.

"அப்பா, அம்மாவ பூச்சி கடிக்கலப்பா."

"உனக்கென்ன தெரியும்? போ."

"நான் செம்பனைக் காட்டுல தேடிப் பார்த்திருக்கேன்பா. மருந்தடிச்ச எடத்துல பூச்சியே இருக்காது. ஒன்னுகூட இருக்காது. அங்க எப்படிக் கடிக்கும்?"

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதுகூட எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பூச்சிக்கார மாணிக்கத்துக்குத் தெரியாதது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அந்த நிமிஷமே சரோஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டர்களுக்கும் தெரியாது. ஆனால் நான் ஓடவில்லை. மந்திரம் பலிக்கவில்லை என்ற அவமானம் ஒரு பக்கம், அவள் மூச்சு வாங்குவதைப் பார்க்கும் பயம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து கோபமாக வந்தது. மகள் சொன்னதிலேயே எனக்கு வேண்டிய பதிலை எடுத்துக்கொண்டேன்.

"காட்டுல இல்லன்னா வீட்டுல கடிச்சிருக்கு. நீ வளர்க்குறியே, அந்தச் சனியன்தான் கடிச்சிருக்கு!"

பலகைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மூன்று தீப்பெட்டிகளையும் கீழே தள்ளி, செருப்புக் காலால் மிதித்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு ஒட்டடைக் கோலை எடுத்துக் கூரை, சுவர், மூலை என்று ஒன்று விடாமல் அடித்தேன். முட்டையைச் சுமந்திருந்த சம்பளமில்லாத வேலைக்காரியையும் அடித்தேன். சரோஜா படுத்தபடியே, "வேணாங்க, புள்ளைய திட்டாதீங்க" என்றாள். மலர் அழவில்லை. நசுங்கிய தீப்பெட்டிகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

5

மறுநாள் காலை சரோஜாவின் உதடு நீலமாகிவிட்டது. தோட்டத்து லாரியில் போட்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த மலாயில் எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது என்றேன். டாக்டர் முதுகைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். பிறகு வார்டில் வேலை பார்த்த ஒரு தமிழ் நர்ஸைக் கூப்பிட்டுவந்து எனக்குச் சொல்லச் சொன்னார்.

"ஐயா, இது பூச்சிக்கடி இல்லீங்களாம். புல்லு மருந்து தோல் வழியா உள்ள போயிருக்கு. நுரையீரல் போயிடுச்சு. புண்ணு வந்தன்னிக்கே கழுவி, வேலைய நிறுத்திக் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா பார்த்திருக்கலாம்னு சொல்றாரு."

அடுத்த நாள் சாயங்காலம் சரோஜா போய்விட்டாள். கடைசியில் பேச்சில்லை. என் முகத்தை மட்டும் துடைத்துவிடுவதுபோல ஒரு தடவை கையைத் தூக்கினாள்.

காரியம் முடிந்து தோட்ட ஆபீசுக்குப் போனேன். கணக்கெழுதும் கிராணி சரோஜாவின் சாவு பற்றிய தாளைத் தயாராக வைத்திருந்தார். நோயின் காரணம், எட்டுக்கால் பூச்சிக்கடி. "நீதானப்பா எல்லார்கிட்டயும் சொன்னே, அதையே எழுதிட்டேன்" என்றார். உண்மைதான், நான்தான் சொன்னேன். டாக்டர் வேறு சொன்னார் என்று அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெர்மிட் புதுப்பிக்கத் தோட்டத்துக் கடிதம் வேண்டும். சிவப்பு அட்டைக்காரன் வம்புக்குப் போனால் என்ன ஆகும், தாயில்லாப் பிள்ளையை விட்டுவிட்டு எந்தக் கப்பலில் ஏறுவது என்றெல்லாம் நினைத்தேன். இவை நல்ல காரணங்கள்தான். ஆனால் உள்ளே இருந்தது வேறு. அந்தத் தாளில் பூச்சி என்று இருக்கும்வரை நான் கொலைகாரன் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் காவல்காரன் வேலை கிடைத்து வந்துவிட்டோம். பக்கத்தில் இருந்தது மலாய்ப் பள்ளிதான். மலரைச் சேர்க்கப் போனபோது, தாயார் பற்றித் தோட்டம் கொடுத்த கடிதத்தைக் கேட்டார்கள். எனக்கு மலாய் படிக்கத் தெரியாது என்று பள்ளிக் கிளார்க் அதை மலரிடம் கொடுத்து, அப்பாவுக்குப் படித்துச் சொல் என்றாள். பிள்ளை நின்றபடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். லாபா-லாபா என்ற இடத்தில் நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எட்டுக்கால் பூச்சிக்கு மலாயில் அதுதான் பெயர். சர்க்கார் முத்திரைபோல் தோட்டத்து முத்திரை கீழே இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மிச்சத்தையும் படித்து முடித்தாள்.

6

பிள்ளைகள் நம்மை விட்டுப் போய்விடுகிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதுகிறோம். மொழி போய்விட்டது, சாமி போய்விட்டது, பாட்டு மாறிவிட்டது என்று. நானும் சங்கக் கூட்டங்களில் அப்படிப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். என் மகள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். எந்த மொழியும் அவளைக் கொண்டுபோகவில்லை.

சிரம்பான் வந்த பிறகு அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். தமிழ் படிக்கத் தெரியும், படிக்க மாட்டாள். நான் பத்திரிகையில் எழுதுவதையும் படித்ததில்லை. இருபது வயது முடிந்ததும் கூட வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டு போர்டிக்சன் போய்விட்டாள். நல்ல பையன். கடற்கரையில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் அவள் வேலை. அவள் வீட்டுக்குப் போனால் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஒரு ஒட்டடை இருக்காது. சாயங்காலம் கட்டில்களை நகர்த்துவாள், மெத்தையைத் தூக்குவாள், தலையணை உறைகளை உதறுவாள். அவள் மகள் ஷாமினி, மூன்று வயது, அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கூடவே உதறும்.

மலருக்குச் சுத்தப் பைத்தியம் என்று நானும் மருமகனும் சிரித்திருக்கிறோம்.

7

ராமசாமி இரண்டாம் நாளே முருகேசனைத் திருச்சிக்குக் கொண்டுபோனான். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்ததால் தப்பித்தான், புண் காய்ந்துவருகிறது என்று பூத்தில் சொன்னான். "அண்ணி விஷயம் எங்களுக்குத் தெரியாதுண்ணே" என்று அழுதான். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான். முதுகில் பம்பை மாட்டுகிறவன் வீட்டில் புண் வந்தால் தண்ணீரை எடுங்கள். என் அப்பாவின் மந்திரம் யாருக்கும் வேண்டாம். நான் அதை மறக்க முயன்றும் மறக்க முடியாமல் இருக்கிறேன், என்னோடு அது போகட்டும்.

அதற்கடுத்த வாரம் சரோஜாவின் திதி வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள் மலர் வருவாள். சமையலை அவளே பார்த்துக்கொள்வாள், அம்மா படத்துக்கு இலை போடுவாள், நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். இந்த வருஷமும் வந்தாள். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஷாமினி சன்னலைக் காட்டி, "தாத்தா, ஸ்பைடர்!" என்று கத்தியதுதான் தாமதம், மலர் கரண்டியைப் போட்டுவிட்டுச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கடுகளவு பூச்சி. அடித்த பிறகும் அடித்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"மலரு, உங்கம்மாவ பூச்சி கடிக்கலம்மா."

"என்னப்பா இப்ப?"

"மருந்து. அந்தப் பம்பு ஒழுகுன மருந்து. நீ சொன்னதுதான் சரி. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு."

"என்னிக்கு?"

"உங்கம்மா போறதுக்கு மொத நாளு."

அவள் கையை உருவிக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். அவசரமில்லாமல் கேட்டாள்.

"அப்ப ஸ்கூல்ல ஒரு லெட்டர் படிச்சேனே. லாபா-லாபான்னு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"தெரிஞ்சுதான் நின்னீங்க?"

தலையை ஆட்டினேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தரையில் உட்கார்ந்து ஷாமினியை மடியில் இழுத்துக்கொண்டு, குழந்தையின் தலையைப் பார்த்தபடி பேசினாள்.

"நீங்க மூணு டப்பாவ மிதிச்சீங்கல்ல. ஒன்னு காலிப்பா."

எனக்குப் புரியவில்லை.

"சோம்பேறியோட டப்பா. அம்மாவுக்கு முதுகுல சிவப்பா வந்துச்சே, அதுக்கு மொத நாளு காலையில எலை மாத்துறப்ப நான் சரியா மூடல. ஸ்கூல் விட்டு வந்து பார்த்தா இல்ல. அம்மா பாய்க்கு அடியிலெல்லாம் தேடுனேன். கெடைக்கல. ஏசுவீங்கன்னு வெறும் டப்பாவ மூடி அங்கயே வச்சுட்டேன். காட்டுல பூச்சி இல்லன்னு உங்ககிட்ட சொன்னப்பவே எனக்குள்ள பயம்தான். அப்புறம் நீங்க சொன்னீங்க, உன் பூச்சிதான் கடிச்சுச்சுன்னு. லெட்டர்லயும் இருந்துச்சு."

"மலரு..."

"ஓட்டல்ல எந்த ரூம் தொறந்தாலும் மெத்தையத் தூக்கிப் பார்ப்பேன். நான் ரொம்ப சுத்தம்னு எல்லாருக்கும் என்னை உதாரணம் காட்டுவாங்க. நான் அதத்தான்பா தேடிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு வரைக்கும்."

பதினொரு வயதுப் பிள்ளை, அம்மாவைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சரோஜாவுக்கு முன்னால் நடந்து எல்லா நூலையும் என் முகத்தில் வாங்கியவன் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன், மகளை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்ன வார்த்தை வந்தது என்று எனக்கு நினைவில்லை.

இலை போட்டோம். படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். சாப்பிடவில்லை. இன்னும் இரண்டு மணியாகவில்லை, பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்றேன். பரவாயில்லை என்றாள்.

என் வீட்டுக் கேட்டுக்கும் பக்கத்துச் செம்பருத்திக்கும் நடுவே காலையிலிருந்து ஒரு வலை தொங்கிக்கொண்டிருந்தது. வலது தோளில் பை, இடது கையில் குழந்தை, அவள் நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பழக்கம் விடவில்லை. நான் செருப்பில்லாமல் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்று, கையைத் தூக்கினேன்.

"வேணாம்பா, நகருங்க" என்றாள்.

நகர்ந்தேன். குழந்தையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டு, வலைக்குள்ளேயே நடந்து போனாள். நூல் அவள் கன்னத்திலும் கண்ணிமையிலும் ஒட்டியது. பஸ் நிறுத்தம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அதைத் துடைக்கவே இல்லை.